மேகம் இருந்தாலும் தெரியும்

செம்மொழி கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகியும், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது மாமனார் இராஜாங்கத்துக்குத் தெரியாது. மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் பேசுகிறாள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறாள். அவருக்கு அந்த அளவு போதுமாக இருந்தது. யாராவது கேட்டால் "ஐ.டி." என்று சொல்லிவிடுவார். குத்தாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த இரண்டு எழுத்துக்கு மேல் யாரும் துருவிக் கேட்பதில்லை.

அவருக்கு இருந்த ஒரே சந்தேகம் வேறு. தினமும் காலையில் "குட் மார்னிங் சித்தி" என்றுதான் மருமகள் பேச்சை ஆரம்பிக்கிறாள். யார் இந்தச் சித்தி? சம்பந்தி வீடு திருவிடைமருதூரில் இருக்கிறது. சம்பந்தியம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அப்படியே இருந்தாலும் சித்தியோடு எதற்கு இங்கிலீஷ்?

ஆனி மாதத்து மாலை ஒன்றில், காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டார்.

"உங்க சித்தி எந்த ஊர்ல இருக்காங்கம்மா?"

செம்மொழிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது அவங்க பேரு மாமா. சித்தி நூர்ஹயாத்தி. இந்தோனேசியாக்காரங்க. என்னோட வேலை பாக்குறவங்க. என்னை விடச் சின்னவங்க."

"சின்னவளப் போயி தெனம் சித்தி சித்திங்கிற" என்று மாமியார் அம்சவல்லியும் சிரித்தாள். "அப்படி என்னதான் வேலை பாக்குறீங்க ரெண்டு பேரும்?"

இந்த வீட்டில் முதன்முறையாக ஒருவர் தன் வேலையைப் பற்றிக் கேட்டதில் செம்மொழிக்கு உற்சாகம் வந்துவிட்டது. போர்னியோ தீவில் ஒரு சதுப்புக் காடு இருப்பதைச் சொன்னாள். ஆயிரக்கணக்கான வருஷமாக விழுந்த இலையும் மரமும் தண்ணீருக்குள்ளேயே கிடந்து, முழுக்க மக்காமல், கறுப்புச் சேறாகப் பல ஆள் ஆழத்துக்குச் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் நிற்கிற வரைக்கும் அது சாதுவாகக் கிடக்கும். வடிந்தால் காய்ந்துவிடும். காய்ந்தால் தீப்பிடிக்கும்.

"மண்ணு எரியுமா?" என்றாள் அம்சவல்லி.

"மண்ணுக்குள்ளயே எரியும் அத்தை. மாசக்கணக்கா. மேல வெறும் பொகை மட்டும் வரும். முன்னாடி அங்க நெல்லுப் போடறோம்னு காட்ட வெட்டி, நீள நீளமா வாய்க்கால் வெட்டி, தண்ணிய வடிச்சு விட்டுட்டாங்க. நெல்லும் வெளையல, காடும் போச்சு."

இராஜாங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெல்லுக்காகத் தண்ணிய வடிச்சானுவளா? எந்த மடையன் சொன்ன யோசனை அது?"

"அதான் மாமா. இப்ப அந்த வாய்க்காலை எல்லாம் அடைச்சுக்கிட்டு வர்றாங்க. எங்க அடைச்சிருக்கு, அடைச்ச எடத்துல ஈரம் திரும்புதா, மரம் தழையுதா, யாராச்சும் புதுசா வெட்டுறாங்களா, எல்லாத்தையும் மேல சுத்துற செயற்கைக்கோள் எடுக்கிற படத்துல பாத்துச் சொல்லணும். அதான் என் வேலை."

இராஜாங்கம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். காடு, தீ, போர்னியோ எல்லாம் அவர் காதிலிருந்து கழன்று போய்விட்டன. வாய்க்காலை அடைத்தால் மேலே இருந்து தெரியும் என்பது மட்டும்தான் மிச்சமாக இருந்தது.

"நம்ம ஊரும் அதுல தெரியுமா?" என்றார், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"உலகம் பூரா தெரியும் மாமா. சில நாளைக்கு ஒரு தடவ நம்ம தலைக்கு மேலயும் போகும்."

இராஜாங்கம் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மேட்டூர் திறந்து, தண்ணீர் அப்போதுதான் அவர்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்திருந்தது. இராஜாங்கத்தின் வயல் வாய்க்காலின் நடுவில் இருக்கிறது. அவருடைய அப்பா கூலிக்கு அறுத்த அதே வயலைத்தான் இராஜாங்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கியிருந்தார். அதில் தண்ணீர் தளும்பி நிற்பதைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். முறை வைத்து விடுகிற தண்ணீர் தளும்ப நிற்காது. அதனால் ஒவ்வொரு வருஷமும் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு வாழைமரத் துண்டும் நாலு மண்மூட்டையும் வைத்து வாய்க்காலை அடைத்து, தன் மடைக்குத் திருப்பிக்கொள்வார். கடைமடையில் நிலம் வைத்திருக்கும் தர்மாம்பாள் ஒவ்வொரு வருஷமும் வந்து கத்துவாள். "நான் ஏன் தங்கச்சி அடைக்கிறேன், மேல இருக்கிறவனுவ அடைக்கிறானுவ" என்று இவர் மேல்பக்கம் கையைக் காட்டுவார். அதுவும் பொய் இல்லை. மேலே இருந்தவர்களும் அடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க இராஜாங்கம் வாய்க்கால் கரைக்குப் போவார், வானத்தைப் பார்ப்பார், திரும்பி வந்துவிடுவார். வாழைமரத் துண்டு கொல்லையில் கிடந்து காய்ந்தது.

ஒரு நாள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவருக்கு, செம்மொழி போனில் யாரிடமோ தமிழில் அலுத்துக்கொள்வது கேட்டது. "ஒரே மேகமா இருக்குடி. பத்து படம் வந்துச்சு, பத்துலயும் வெள்ளையாத்தான் இருக்கு. கீழ ஒண்ணுமே தெரியல." இராஜாங்கம் ஏறிய படியில் அப்படியே இறங்கினார். முகத்தில் ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த களை திரும்பியிருந்தது.

அதன் பிறகு அவர் மேகத்துக்காகக் காத்திருந்தார். ஆனி மாதத்து வானம் கழுவி விட்டதுபோல் கிடந்தது. டிவியில் வானிலை அறிக்கை வந்தால் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். "மழைக்கு ஏன் இப்படிப் பறக்குறீங்க, ஆத்துலதான் தண்ணி வருதே" என்றாள் அம்சவல்லி. "மழை வேண்டாம்டி. மேகம் மட்டும் போதும்" என்றார். அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு பிற்பகல் மேற்கே திரண்டு, ஊர் மேல் சாம்பல் நிறத்தில் மூடிக்கொண்டது. எல்லாரும் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினார்கள். இராஜாங்கம் வாழைமரத் துண்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். அரை மணியில் வேலை முடிந்தது. தண்ணீர் அவர் மடையில் சலசலவென்று திரும்புவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்து, ரசம் கேட்டு வாங்கினார்.

"ஒரு வழியா மேகப் பிரச்சனை முடிஞ்சுது அத்தை" என்றாள் செம்மொழி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "ரேடார் படம் வந்திருச்சு. அதுக்கு வெளிச்சமும் வேண்டாம், மேகமும் தடையில்ல. மேகம் இருந்தாலும் தெரியும். தண்ணி நிக்கிற எடம் மட்டும் தனியாக் கறுப்பா விழும்."

இராஜாங்கத்துக்குப் புரையேறியது. அம்சவல்லி உச்சந்தலையில் தட்டினாள். மகன் பரிதி தண்ணீர்ச் சொம்பை நீட்டினான். அவன் மயிலாடுதுறையில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருப்பதால், ரசத்தில் மிளகு கூடினால் தொண்டைக்கு என்ன ஆகும் என்று விளக்க ஆரம்பித்தான். யார் சொன்னதும் இராஜாங்கத்துக்குக் கேட்கவில்லை.

விடிந்தும் விடியாமல் போய் அடைப்பைப் பிடுங்கி எறிந்தார். தண்ணீர் தன் மடையை விட்டுக் கீழே ஓடுவதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. அடுத்த நினைப்பு வந்ததும் இன்னும் எரிந்தது. தான் மட்டும் இப்படி யோக்கியமாக இருக்க, வாய்க்காலின் மேல்பக்கம் வயல் வைத்திருக்கும் துரைராசு வகையறா ஜம்மென்று அடைத்துக்கொண்டிருந்தால் என்ன நியாயம்?

நேராக வீரையன் டீக்கடைக்குப் போனார். துரைராசும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். இராஜாங்கம் டீயை ஆற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"எம் மருமவ இருக்கே, அதுக்கு ஐ.டி. வேலை இல்லப்பா. மேலேர்ந்து வாய்க்காலப் பாக்குற வேலை."

"எந்த வாய்க்கால?" என்றான் துரைராசு.

"எல்லா வாய்க்காலயும்தான். யாரு அடைச்சா, எங்க அடைச்சா, அடைச்ச தண்ணி யாரு வயல்ல நிக்குது, அம்புட்டும் படமா வருது. மேகம் இருந்தாலும் தெரியும். இருட்டுனாலும் தெரியும்."

"ஆளு மொகம் தெரியுமா மாமா?"

இராஜாங்கம் ஒரு வாய் டீ குடித்தார். "அத நான் கேக்கல. கேட்டா நமக்குத்தான சங்கடம்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் செய்தி வாய்க்காலின் தலைப்பு மதகு வரைக்கும் போய்விட்டது. அன்றே துரைராசு இரண்டு மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலிலிருந்து ஏறி வந்ததைப் பலர் பார்த்தார்கள். அவனுக்கு மேலே இருந்தவர்களும் ஏறி வந்தார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு மூட்டையை எடுத்தாராம். இராஜாங்கம் மறுநாள் வயலுக்குப் போனபோது, தன் மடையில் ஏறுகிற தண்ணீரும் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. மேலே இவ்வளவு அடைத்து வைத்திருந்தார்களா பாவிகள் என்று திட்டினார்.

கடைமடையில் தர்மாம்பாள் தன் நாற்றங்காலுக்கு டீசல் இன்ஜின் வைத்து இறைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. அவளுக்குச் சந்தோஷத்தை விட சந்தேகம்தான் அதிகமாக வந்தது. விசாரித்தாள். விசாரித்து முடித்ததும் தோட்டத்து முருங்கைக்காயில் ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு இராஜாங்கத்தின் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மருமவப் பொண்ண பாக்கணும்" என்றாள். அம்சவல்லி மாடியைக் காட்டினாள். குளிக்கப் போன இராஜாங்கம், தர்மாம்பாளின் குரலைக் கேட்டதும் ஈரத்துண்டோடு பின்னாலேயே படியேறினார்.

செம்மொழி அப்போது சித்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பக்கம் சித்தியின் முகம், மறுபக்கம் ஒரு போட்டோ. கறுப்புத் தண்ணீர் நிற்கிற அகலமான வாய்க்கால், குறுக்கே மரக்கட்டைகளை வரிசையாக நட்டு, உள்ளே மண்மூட்டைகளை நிரப்பிய அடைப்பு. சித்தி எல்லாருக்கும் கை அசைத்தாள். தர்மாம்பாள் முருங்கைக்காயை அசைத்தாள். இராஜாங்கம் போட்டோவை நெருங்கிப் பார்த்தார். இதில் அவருக்கு அபிப்பிராயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இத யாருமா கட்டுனா? கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இவ்ளோ சந்து விட்டிருக்கான். தண்ணி வந்தா நாலு நாள் தாங்காது."

மாமா என்ன சொல்கிறார் என்று சித்தி கேட்டாள். செம்மொழி மொழிபெயர்த்தாள். சித்தி ரொம்ப மரியாதையாக ஒரு பதில் சொன்னாள்.

"எட்டு வருஷமா நிக்குதாம் மாமா."

"எட்டு வருஷமா?" இராஜாங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. "யாருமே பிடுங்கலியா?"

"ஆரம்பத்துல பிடுங்கினாங்களாம். படகு போகணும்ல. அப்புறம் பக்கத்துலயே படகு போக வழி விட்டுக் கட்டினாங்க. இப்ப அந்த ஊர்க்காரங்களே பாத்துக்கிறாங்க." செம்மொழி இன்னொரு படத்தைத் திறந்தாள். "இங்க பாருங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இந்த எடம் முழுக்க எரிஞ்சு போயி பெரணிச் செடிதான் மண்டிக் கெடந்துச்சு. இப்ப இந்த ஓரமா மரம் திரும்ப வருது. கொஞ்சந்தான். ஆனா வருது." அந்த ஓரத்தை அவள் விரலால் தொட்டுக் காட்டிய விதத்தைப் பார்த்து, தர்மாம்பாள் தன் நாற்றங்காலைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தாள்.

சித்தி விடைபெற்றுப் போனதும் தர்மாம்பாள் விஷயத்துக்கு வந்தாள். "நீ நம்ம வாய்க்காலயும் பாக்குறியாமே தாயி. ஒன்னாலதான் எனக்கு இந்த வருஷம் தண்ணி வந்துச்சு."

செம்மொழி திகைத்துப் போனாள். டீக்கடைச் செய்தி அவளுக்குத் தெரியாது. தர்மாம்பாள் சொல்லச் சொல்ல, அவள் கண் மெல்ல மாமனார் பக்கம் திரும்பியது. இராஜாங்கம் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"சின்னம்மா, எங்க படத்துல ஒரு புள்ளின்னா தரையில பத்து மீட்டர். நம்ம வாய்க்கால் ரெண்டு மீட்டர் அகலம் இருக்குமா? அதுல நாலு மூட்டை போட்டா எப்படித் தெரியும்? ஆளும் தெரியாது, அடைப்பும் தெரியாது. அதுவும் போக, நான் நம்ம ஊரை ஒரு நாளும் பாத்ததே இல்ல."

"தெரியாதா?" என்றார்கள் தர்மாம்பாளும் இராஜாங்கமும் ஒரே குரலில்.

"தெரியாது."

இராஜாங்கத்துக்கு அந்த நிமிஷமே கொல்லைக்குப் போய் இன்னொரு வாழைமரத்தை வெட்ட வேண்டும் போல் இருந்தது. ஆனால் தர்மாம்பாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "சரி, தெரியாட்டி போவுது. வந்தது வந்தேன், எம் வயல ஒரு தடவ மேலேர்ந்து காட்டு."

செம்மொழி அன்று காலையில் வந்திருந்த ரேடார் படத்தை இறக்கினாள். சாம்பலும் கறுப்புமாக ஏதோ வந்தது. கோயில் குளத்தை வைத்து அடையாளம் சொன்னாள். கடைமடைப் பக்கம் நல்ல கறுப்பாக இருந்தது. "கறுப்பா இருந்தா தண்ணி நிக்குதுன்னு அர்த்தம் சின்னம்மா." தர்மாம்பாள் கைதட்டாத குறையாகப் பார்த்தாள். செம்மொழிக்கும் ஆர்வம் வந்துவிட்டது. வேலைப் பழக்கத்தில், போன வருஷம் இதே வாரத்துப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

போன வருஷப் படத்தில் கடைமடை வெளிறிப் போய்க் கிடந்தது. மேலே அங்கங்கே சில திட்டுகள் இருந்தன. வாய்க்காலின் நடுப்பகுதியில் மட்டும் ஒரே ஒரு இடம், மை கொட்டியதுபோல் கறுகறுவென்று இருந்தது.

"இது யாரு வயல்?" என்று கேட்டபடியே செம்மொழி குளத்திலிருந்து விரலை நகர்த்திக்கொண்டு வந்தாள். பாதி தூரம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

தர்மாம்பாள் திரும்பி இராஜாங்கத்தைப் பார்த்தாள்.

"அது மேகத்து நிழலும்மா" என்றார் இராஜாங்கம்.

"ரேடார்ல மேகம் விழாது மாமா" என்றாள் செம்மொழி, மெதுவாக.

தர்மாம்பாள் கோபப்படுவாள் என்று செம்மொழி பயந்தாள். தர்மாம்பாளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்கு ராக்கெட்டு வுட்டுத்தான் கண்டுபுடிக்கணுமா? எனக்கு இருவது வருஷமாத் தெரியுமே!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படி இறங்கும்போது திரும்பி, "தெரியாதுன்னு வெளிய சொல்லிப்புடாத தாயி" என்றாள்.

அதுதான் செம்மொழிக்கு உறுத்தியது. தெரியாததைத் தெரியும் என்று சொல்வது அவள் வேலைக்கே ஆகாத காரியம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். வழியில் போகிறவர்கள் எல்லாம் அவளுக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். துரைராசு ஓரமாகக் கூப்பிட்டு, காணாமல் போன தன் வெள்ளாடு எந்தப் பக்கம் மேய்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னான். மூன்றாம் நாள் அவளே வீரையன் கடைக்குப் போய், பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாரும் மன்னிக்கணும். நான் பாக்குற படத்துல ஆளுங்க தெரியாது. நீங்க வாய்க்கால அடைச்சாலும் தெரியாது. நான் பாக்குறது நம்ம ஊரும் இல்ல. தப்பாச் சொல்லிட்டாங்க."

எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். "சரிம்மா. புரியுது" என்றான் துரைராசு.

அவள் தெரு திரும்புகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு வீரையன் சொன்னார்: "சொல்லக் கூடாதுன்னு மேலேர்ந்து உத்தரவு வந்திருக்கும்."

"பின்ன? யாரும் கேக்காமலே வந்து சொல்லுதே" என்றான் துரைராசு. "நேத்து எங்கயோ அடைச்சிருக்கான் ஒருத்தன். அதான் ஜாடையாச் சொல்லிட்டுப் போவுது." ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஊரிலேயே உண்மை தெரிந்த, அதை நம்பவும் செய்த ஒரே ஆண்பிள்ளை இராஜாங்கம்தான். ஒரு மதியம் வெயில் நேரத்தில், கூசாமல் வானத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மண்மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். மூட்டையை இறக்கக் குனிந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்ன மாமா, மூட்டையோட?"

துரைராசு எங்கிருந்தோ முளைத்திருந்தான். இராஜாங்கம் குனிந்தது குனிந்தபடியே யோசித்தார். மேகம் இருந்தாலும் தெரியும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். மருமகள் வேலைக்கு மாமனாரே மதிப்புக் கொடுக்கவில்லை என்றால் நாளைக்கு யார் அவளுக்கு வணக்கம் வைப்பார்கள்? "சேட்டிலைட்டம்மா மாமனார்" என்று வீரையன் கடையில் பெஞ்சைத் துடைத்து உட்கார வைக்கிறார்களே, அது என்ன ஆகும்?

"கரை இந்த எடத்துல அரிச்சுக் கெடக்குடா" என்றார். "தண்ணி கசிஞ்சு என் வயலுக்குள்ள போவுது. கடைமடைக்குப் போற தண்ணியில்ல? அதான் பலப்படுத்தலாம்னு."

துரைராசுக்குக் கண் கலங்கிவிட்டது போலிருந்தது. "நானும் வர்றேன் மாமா" என்று ஓடிப்போய் இன்னும் நாலு மூட்டை கொண்டுவந்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து, இத்தனை வருஷமாக இராஜாங்கம் கண்டும் காணாமல் விட்டு வைத்திருந்த கசிவை ஒரு சொட்டு விடாமல் அடைத்தார்கள்.

அதன்பின் முறை வைத்து வந்த தண்ணீரில்தான் இராஜாங்கம் நடவு முடித்தார். வயல் தளும்பவில்லை. ஆனால் நடவு காயவும் இல்லை. முதல் சில நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அம்சவல்லி மீன்குழம்பு வைத்த அன்றைக்கு இறங்கிவிட்டது.

தர்மாம்பாள் வயலில் நடவு நடந்த அன்று அவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சட்டை போட்டுக்கொண்டு போனார். கடைமடைப் பக்கம் அவர் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. வரப்பில் நின்று, பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே பாக்குறீங்க?" என்றாள் தர்மாம்பாள்.

"நாத்து கொஞ்சம் முத்திப் போச்சு தங்கச்சி."

"முத்தாம என்ன செய்யும்? தண்ணி வர்றதுக்குள்ள பாதி மாசம் போயிட்டுதே."

இராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, வரப்போரம் கட்டுக் கட்டாகக் கிடந்த நாற்று முடிகளை எடுத்து நடவுக்காரப் பெண்கள் பக்கமாக ஒவ்வொன்றாக வீச ஆரம்பித்தார். இரண்டு முடி குறி தவறி, தர்மாம்பாள் அப்போதுதான் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்த புடவையில் சேற்றை வாரி அடித்தன. அவள் போட்ட சத்தம் பக்கத்து வயல் வரைக்கும் கேட்டது.